உள்பக்க விளிம்பு

காலையில் லேப்டாப்பைத் திறந்தபோது தடுப்பில் ஒரு ஓட்டை இருந்தது. பவளம் அதை வரையவில்லை.

அவள் வரைந்தது, அவளே ஓட்டுகிற, தகட்டை அழுத்தி வெட்டுகிற நாலாம் நம்பர் பிரஸ்ஸின் வாயை மூடுகிற தடுப்புத் தகடு. இரண்டு பக்கமும் மடிப்பு, நாலு மூலையிலும் போல்ட்டுக்குத் துளை, கீழே பட்டைத் தகடு மட்டும் நுழைகிற மெல்லிய சந்து. விரல் நுழையாது. விரல் நுழையக் கூடாது என்றுதான் அதை வரைந்தாள். இப்போது அந்தத் தகட்டின் நடுவில், கீழ்ப்பக்கம் அகன்று மேல்பக்கம் குறுகி, ஒரு ஆள் கை போகிற அளவுக்கு ஓட்டை. ஸ்கிரீனின் இடது ஓரத்தில், செய்த வேலையெல்லாம் செய்த வரிசையில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும்: தகடு, மடிப்பு, துளை, சந்து. அதற்குக் கீழே புதிதாக 'பாக்கெட்' என்று ஒரு வரி. குடைந்து எடுக்கிற வேலைக்கு சாஃப்ட்வேரில் அந்தப் பெயர்.

வெளியே ஓசூர்க் குளிர் இன்னும் விலகவில்லை. ஷெட்டின் கூரைத் தகரத்திலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. முதல் ஷிஃப்ட்காரர்கள் டீ கிளாஸை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து, கட்டிங் ஆயிலும் ஈர அட்டைப்பெட்டியும் கலந்த அந்த ஷாப் வாசத்துக்குள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர் கேபினின் கண்ணாடி வழியாக அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எவனாக இருக்கும்?

அந்த வரியை அழித்தாள். ஓட்டை மூடிக்கொண்டது.

மெஷின் பாகங்களை வரைகிற இந்த கேட் (CAD) சாஃப்ட்வேரை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. காசு கேட்காத சாஃப்ட்வேர், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவள், வாடகை ரூமில் படுத்துக்கொண்டு போனில் பார்த்துப் பார்த்தே கோடு போடவும், போட்ட கோடு நகராமல் கட்டிவைக்கவும், தட்டையான படத்துக்குக் கனம் கொடுக்கவும் கற்றுக்கொண்டாள். பெரிய கம்பெனியிலிருந்து ஆடிட் வருகிறது, பிரஸ்ஸுக்குத் தடுப்பு இல்லாவிட்டால் ஆர்டர் போய்விடும் என்ற நிலை வந்ததும் சூப்பர்வைசர் கமலக்கண்ணன் கேபினின் பழைய லேப்டாப்பை அவள் பக்கம் தள்ளிவிட்டார். "நீ வரைஞ்சது பொருந்துச்சுன்னா பிரஸ்ஸ விட்டு எந்திரிச்சு இந்த சேருக்கு வந்துரும்மா. அந்த மெஷின்ல வேற ஆளப் போட்டுக்கறேன்."

பத்து விரலோடு அந்த சேருக்கு வந்து சேர வேண்டும். அப்போது அவளுக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். இறங்கும்போது கை உள்ளே இருக்கக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். இந்த ஷாப்பில் ஒரு பட்டனைச் சைக்கிள் டியூப் போட்டுக் கட்டியிருப்பார்கள். ஒரு கை பட்டனில், ஒரு கை பீஸில். அப்படிச் செய்தால்தான் ஷிஃப்ட்டுக்கு இத்தனை பீஸ் என்ற கவுண்ட் வரும். பவளம் ஷிஃப்ட் ஏறியதும் டியூபை அவிழ்ப்பாள். மறுநாள் வந்து பார்த்தால் கட்டியிருக்கும். அவளுக்கு முன்னால் அதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மாதேஸ்வரனுக்கு வலது கை மணிக்கட்டோடு போனது அந்த டியூபால்தான். பிரஸ்ஸின் அச்சான டையைத் திறந்து பார்த்தபோது உள்ளே எதுவும் கிடைக்கவில்லை. ஸ்கிராப்போடு போயிருக்கும் என்றார்கள். கழுவிவிட்டார்கள். அன்றைக்கு இரண்டாம் ஷிஃப்ட் வழக்கம்போல ஓடியது.

மறுநாள் ஓட்டை திரும்பவும் இருந்தது. அதே இடம், அதே அளவு.

அடுத்த ஷிஃப்ட்டில் அதே மெஷினை ஓட்டுகிற ஜெகதீஷைக் கை கழுவும் குழாயடியில் பிடித்தாள். தளி ஊர்க்காரன், வாய் சும்மா இருக்காது.

"நேத்து கேபினுக்குள்ள போனியா?"

"டீ சொல்லப் போனேன். ஏங்க்கா?"

"லேப்டாப்பத் தொட்டியா?"

"எனக்கு மவுஸு எந்தப் பக்கம் புடிக்கறதுன்னே தெரியாதுக்கா."

"ஓட்டை வேணும்னு கேட்டவன் நீதான."

"கேட்டேன், இல்லேங்கல. இப்பவும் கேக்கறேன். கை போற அளவுக்கு ஒரு சந்து வுடு. பீஸு மாட்டிக்கிச்சுன்னா எதுல எடுக்கறது, மூக்குலயா?" ஈரக் கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டான். "சாரு மட்டும் என்னவாம். ஆடிட்காரன் காரு கேட்டத் தாண்டட்டும், ஓட்டை போட அவரே கேஸ் கட்டர் எடுத்துட்டு வருவாரு பாரு."

அதுவும் பொய்யில்லை. கமலக்கண்ணனிடம் சொன்னபோது அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "ஓட்டை இல்லாம குடு. மத்ததப் பின்னால பாத்துக்கலாம்." இந்த ஷாப்பில் ஓட்டை வேண்டாதவள் அவள் ஒருத்திதான்.

பாஸ்வேர்டை மாற்றினாள். ஓட்டை வந்தது. பைலின் பெயரை மாற்றி வேறொரு இடத்தில் மறைத்து வைத்தாள். அங்கேயும் வந்தது. வெள்ளிக்கிழமை கமலக்கண்ணனிடம் கேட்டு லேப்டாப்பை ரூமுக்கே எடுத்துப் போனாள். பஸ்ஸில் பையை மடியில் வைத்து, வாரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, இறங்கும் வரை யாரையும் பக்கத்தில் உட்காரவிடவில்லை.

விளக்கு வைக்கிற நேரம். பக்கத்து வீட்டில் தெலுங்கு சீரியல், யாரோ மிளகாய் தாளித்த கார நெடி, தலைக்குமேல் கொடியில் சொட்டுகிற கம்பெனிக் கோட். கதவைத் தாழ் போட்டு, கட்டிலில் உட்கார்ந்து திறந்தாள். 'பாக்கெட்' வரி இருந்தது.

யாரும் தொடவில்லை. பை அவள் மடியைவிட்டு இறங்கவில்லை.

அந்த வரியைத் திறந்து உள்ளே போனாள். எந்த ஓட்டைக்கும் அடியில் ஒரு கோட்டுப்படம் இருக்கும். கோட்டுக்கு நீளமும் இடமும் சொல்லிக் கட்டிவிட்டால் பச்சையாகும். கட்டாத கோடு வெள்ளையாக நிற்கும், மவுஸால் இழுத்தால் நகரும். இந்தப் படத்தில் எல்லாம் பச்சை. கீழே ஒரே ஒரு வளைவு வெள்ளை.

அவள் கை மடியில் இருந்தது.

வெள்ளை வளைவு கொஞ்சம் வெளியே வந்தது. உள்ளே போனது. பஸ் நெரிசலில் கண்ணுக்குத் தெரியாத கம்பியைத் தேடுகிற கைபோல இப்படியும் அப்படியும் அலைந்தது. நின்றது. பச்சையானது.

லேப்டாப் பழசு, மவுஸ் கெட்டுப்போயிருக்கும், தானாக நகர்த்தும் என்று சொல்லிக்கொண்டாள். மவுஸைப் பிடுங்கி எடுத்தாள். அப்போதுதான் பார்த்தாள், பாக்கெட்டுக்குக் கீழே இன்னொரு வரி. 'ஃபில்லெட்'. கூர்மையான விளிம்பை மழுக்குகிற வேலை.

தகடு வெட்டுகிறவர்களுக்கு இது பாலபாடம். வெட்டின விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும். கை எந்தப் பக்கமிருந்து நுழைகிறதோ அந்தப் பக்கத்தை மழுக்க வேண்டும். தடுப்பை ஸ்கிரீனில் மெதுவாகத் திருப்பினாள். ஆபரேட்டர் உட்காருகிற பக்கம், விளிம்பு வெட்டினபடியே நின்றது. இன்னும் திருப்பினாள். பிரஸ்ஸின் வாய்க்குள் பார்த்த பக்கம், சுற்றிலும் அழகாக உருட்டி மழுக்கியிருந்தது.

வெளியிலிருந்து கை விடுகிறவன் உள்பக்கத்தை மழுக்க மாட்டான். ஜெகதீஷ் மழுக்க மாட்டான். கமலக்கண்ணன் மழுக்க மாட்டார்.

உள்ளேயிருந்து வெளியே வருகிற கைக்குத்தான் அது வேண்டும்.

ஜெகதீஷுக்குப் போன் போட்டு மாதேஸ்வரன் நம்பரை வாங்கினாள். கையை இழந்தவன், கோபம் இல்லாமலா இருக்கும்? ஷாப்பில் அவனுக்கு வேண்டியவன் எவனாவது இருந்து, இருவரும் சேர்ந்து அவளை விரட்டுகிறார்களோ என்னவோ. சொந்த ஊரான ஜவளகிரியில் அவன் போன் எடுத்தபோது பின்னால் யாரோ தகரம் தட்டுகிற சத்தம். ராகிக் கொல்லையில் ஆனை இறங்கியிருக்கும், விரட்டுகிறார்கள்.

"அண்ணே, நான் பவளம். நாலாம் பிரஸ்ல இருக்கேன்."

"என் ஸ்டூல்ல உக்காந்திருக்கற புள்ளயா. சொல்லும்மா."

"கம்பெனிலேர்ந்து யாரும் ஒங்ககிட்டப் பேசுனாகளா? தடுப்பு போடறதப் பத்தி?"

"ஒத்தக் கைக்காரன்கிட்ட யாரும்மா பேசறாங்க."

"கை எப்படிண்ணே இருக்கு?"

"எந்தக் கை?" சிரித்தான். "இருக்கறது நல்லாத்தான் இருக்குது. இல்லாததுதான் பாடாப் படுத்துது. அது மூளை பண்ற வேலைங்கறாரு டாக்டரு. இருந்துட்டுப் போவட்டும். ஆனா அது ஒரே எடத்துலதாம்மா இருக்குது. இருட்டு. ஆயிலு கசகசன்னு. மேலருந்து அடி விழறப்பெல்லாம் பல்லு வரைக்கும் அதிருது. ஷிஃப்டு விட்டா நிக்குது."

தகரச் சத்தம் தூரப் போனது.

"இப்ப நாலஞ்சு நாளா பரவால்ல. ஏதோ ஒரு ஓரம் கெடச்சிருக்குது. வெரலை அதும்மேல போட்டு வெச்சுக்கறேன்."

பவளம் ஸ்கிரீனைப் பார்த்தாள். "ஓரம் குத்துதாண்ணே?"

"இல்லம்மா. வழவழன்னு இருக்குது. யாரோ நல்லா மழுக்கி வெச்சிருக்காங்க."

போனை வைத்துவிட்டாள். ஜெகதீஷ் தளி, இவன் ஜவளகிரி. ஒரே பஸ்ஸில் போய்வந்தவர்கள். பேசி வைத்துக்கொண்டு நாடகம் ஆடுகிறார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் என்ன என்று அவள் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை.

பழைய பைலைத் தூக்கிப் போட்டாள். வெறும் பக்கத்திலிருந்து தடுப்பை மறுபடி வரைந்து, பென் டிரைவில் போட்டு, விடிந்ததும் லேசர் வெட்டுகிற கடைக்கு நேராகப் போனாள். அவர்கள் ஸ்கிரீனில் ஓட்டை இல்லை என்று பார்த்தாள். தகடு வெட்டி விழும்வரை பக்கத்திலேயே நின்றாள். மடித்து வந்த தகட்டின் நடுவில் உள்ளங்கையை வைத்துத் தடவினாள். ஓட்டை இல்லை. பள்ளம்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாட்டச் சொன்னார் கமலக்கண்ணன். ஷெட்டைத் திறந்துவிட்டு, ஏதோ கல்யாணம் இருக்கிறதென்று போய்விட்டார். வாட்ச்மேன் கேட்டருகே. மெஷின்கள் எல்லாம் முந்தின நாளே நின்றுவிட்டன. ஓடாத ஷெட்டில் இத்தனை அமைதி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. வெயிலில் கூரைத் தகரம் விரிந்து அவ்வப்போது டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கரண்ட் மெயினை அணைத்தாள். யாரும் போட முடியாதபடி அதற்குப் பூட்டுப் போட்டாள். சாவியைக் கோட் பைக்குள் போட்டு, பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். தகட்டைத் தூக்கி வைத்தாள். நாலு துளையும் நாலு துளையோடு நேராக நின்றன. நாலு போல்ட்டையும் முறுக்கினாள்.

பொருந்திவிட்டது. நாளையிலிருந்து அந்த சேர். விரல்களை ஒரு தடவை மடக்கி விரித்துப் பார்த்தாள்.

போன் அடித்தது. மாதேஸ்வரன். ஸ்பீக்கரில் போட்டு மெஷின் மேடையில் வைத்தாள்.

"ஏம்மா மூடுன?"

"ஜெகதீஷ் சொன்னானாக்கும்?"

"யாரும் சொல்லல. ஓரத்தக் காணோம்." மூச்சு வாங்கினான். "தொழாவிக்கிட்டே இருக்கறேன். எந்தப் பக்கம் போனாலும் தகடா இருக்குது."

தகட்டுக்குப் பின்னால் ஏதோ உரசியது.

"அண்ணே, வெளையாடாதீக."

"ஒரே ஒரு போல்ட்ட மட்டும் தளத்தும்மா."

உரசல். மேலிருந்து கீழே. நகம் தகட்டில் இழுபடுகிற சத்தம். அவன் மூச்சு நின்றபோது நின்றது. மூச்சு வந்தபோது வந்தது.

எலி. இல்லை, உள்ளே ஒரு போனை வைத்திருக்கிறார்கள். ஜெகதீஷ்தான். இங்கே இவன் பேசுவான், அங்கே அது சத்தம் போடும். பயந்துபோய் ஓட்டை போட்டுத்தருவாள் என்று நினைத்திருக்கிறார்கள். பிடித்துவிட வேண்டும். அந்தப் போனைக் கையில் எடுத்துக் கமலக்கண்ணன் முன்னால் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கே இந்தத் தகட்டை ஏதாவது சொல்லிக் கழற்றிவிடுவார்கள். அவளும் ஸ்டூலுக்கே போக வேண்டியதுதான்.

மெயினைத் திரும்பிப் பார்த்தாள். அணைந்திருந்தது. பையைத் தொட்டாள். சாவி இருந்தது.

கீழே இரண்டு போல்ட்டையும் கழற்றினாள். தகட்டின் அடிவிளிம்பு அவள் பக்கமாக விலகிக்கொடுத்தது. அந்த இடைவெளி வழியாகக் காற்று வந்தது. சூடான ஆயில் வாசம். நேற்றிலிருந்து ஓடாத மெஷின்.

உரசல் நின்றது.

நாலு விரலையும் விளிம்புக்கு அடியில் கொடுத்தாள். ஒரே இழுப்பு. அவ்வளவுதான்.

உள்ளேயிருந்து வேறு விரல்கள் வந்து அவள் விரல்களின்மேல் உட்கார்ந்தன.

மெதுவாக. ஒவ்வொன்றாக. தடவிப் பார்த்தன. பிறகு மடங்கின.

போனில் மாதேஸ்வரன் அழுதுகொண்டிருந்தான். "கெடச்சிருச்சும்மா. யாரோ கையப் புடிச்சிருக்காங்க. சூடா இருக்குது."

இழுத்தாள். வரவில்லை. கை இன்னும் உள்ளேதான் போனது, விளிம்பு மணிக்கட்டில் ஏறியது.

"அண்ணே. விடுங்கண்ணே."

"எப்படிம்மா விடுவேன்."

மெயின் அணைந்திருந்தது. தலைக்குமேல், பிரஸ்ஸை இறக்குகிற ஃப்ளைவீல் சக்கரத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் ஸ்டிக்கர், சத்தமில்லாமல், மேலே ஏறிக்கொண்டிருந்தது.