கிழியாத சீல்

டப்பாவின் சீல் கிழியவில்லை. மூடியின் குறுக்கே ஒட்டிய காகிதப் பட்டையும், பாதி பட்டையிலும் பாதி தகரத்திலுமாக அவள் போட்ட கையெழுத்தும் நேற்று மாலை இருந்தபடியே இருந்தன. ஆனால் தூக்கியபோது டப்பா லேசாக இருந்தது.

இருபத்திரண்டு வருடமாகப் பார்சல் ஆபீஸில் பெட்டிகளைத் தூக்கி எடை பார்த்துச் சீல் ஒட்டிய கை அது. விரல் நுனிகளில் எப்போதும் காய்ந்த பசை செதில் செதிலாக நிற்கும். ஆபீஸில் அவளுக்குப் பெயரே சீலக்கா. எடை குறைந்தால் தராசு காட்டும் முன்பே அவள் கை சொல்லிவிடும். பட்டையைக் கிழித்துத் திறந்தாள். பிஸ்கட் பாதிதான் இருந்தது.

கணவர் போன பிறகு ஒட்டிக்கொண்ட பழக்கம். ஆறு மணிக்கு வீடு திரும்பி உட்கார்ந்தால், கை அது பாட்டுக்கு டப்பாவுக்கும் வாய்க்கும் போய் வரும். பசியும் கிடையாது, ருசியும் தெரியாது. அழ வேண்டிய நேரத்தில் மென்றுகொண்டிருந்தாள், அவ்வளவுதான். சர்க்கரை ஏறி இரண்டு பாதங்களும் மரத்துப்போயின.

"சாயங்காலத் தீனிய நிறுத்தலன்னா கால் விரலை எடுக்க வேண்டி வரும்மா" என்று டாக்டர் சொன்னபோதுகூட, அது வேறு யாருடைய காலோ என்றுதான் இருந்தது. ஆனாலும் நிறுத்தப் பார்த்தாள், தனக்குத் தெரிந்த ஒரே வழியில்: தினமும் டப்பாவுக்குச் சீல் ஒட்டி.

டப்பா பாதியாகக் குறைந்திருந்த அன்றே மகள் போன் செய்தாள்.

"மறுபடியும் தின்னுட்டியாம்மா?"

"இல்லடி. ஒட்டின சீல் அப்படியே இருந்துச்சு."

"ஒட்டுறதும் நீ, கையெழுத்துப் போடுறதும் நீ. யார் காதுல பூ சுத்துற?"

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. மகள் கேட்டதும் நியாயம்தான்.

மறுநாள் மிச்சத் தீனியை எல்லாம் ஆபீஸில் கொடுத்துத் தீர்த்தாள். மாலையில் வந்ததும் காலி அலமாரிக்குச் சீல், ஃப்ரிட்ஜுக்குச் சீல், கடைசியாகச் சமையலறைக் கதவைச் சாத்தி அதற்கும் ஒன்று. வெளியே நின்று ஒட்டினால் உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும் என்பது ஆபீஸ் கணக்கு. ஒட்டும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று சரிபார்க்க வேண்டும் என்பதும் ஆபீஸ் விதிதான். அதை மறந்துவிட்டாள்.

பிறகு கண்ணாடி முன் நின்று, தன் வாயின் குறுக்கே ஒரு பட்டையை ஒட்டி, பாதி பட்டையிலும் பாதி கன்னத்திலுமாகக் கையெழுத்துப் போட்டாள். காலையில் படம் எடுத்து மகளுக்கு அனுப்பலாம். இனி யாரும் அவளைச் சொல்ல முடியாது.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். ஜன்னலில் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துகொண்டிருக்க, குழாய் சொட்டும் சத்தத்துக்கும் பக்கத்து வீட்டு டிவியின் முணுமுணுப்புக்கும் அடியில், முதலில் மூச்சைப் போலவும் பிறகு தாடை அசைவதைப் போலவும், நிதானமாக, யாரோ மெல்லும் சத்தம் கேட்டது.

வாயைத் தொட்டுப் பார்த்தாள். பட்டை இறுக்கமாக இருந்தது. சமையலறைக் கதவைப் பார்த்தாள். அந்தச் சீலும் கிழியவில்லை.

சத்தம் அங்கிருந்து வரவில்லை. இந்தப் பக்கம். பக்கத்தில்தான்.

பிஸ்கட்டின் மொறுமொறுப்பு இல்லை. ஈரமாக இருந்தது. துருப்பிடித்த இரும்பு வாடை அடித்தது.

மேசை விரிப்பைத் தூக்கினாள்.

இருட்டுக்குள்ளிருந்து நீண்ட ஒரு கை அவள் இடது பாதத்தைப் பிடித்திருந்தது. விரல் நுனிகளில் காய்ந்த பசை. நகக்கண்ணில் பிஸ்கட் தூள். அவளுடைய இரண்டு கைகளும் மேசைமேல்தான் இருந்தன.

பாதத்தில் கட்டைவிரல் மட்டும் மிச்சம் இருந்தது.

பட்டையைக் கிழித்துக் கத்தியிருக்கலாம். வெறும் காகிதம்தானே. ஆனால் கை எழவில்லை.

மெல்லுவது நின்றது. விழுங்கும் சத்தம். கட்டைவிரல் மெல்ல இருட்டுக்குள் போனது.

வலிக்கவே இல்லை.