மேற்குச் சுவரில் ஒரு துளை

முற்பகல் பதினொரு மணி. கட்டட மாதிரியின்மேல் போர்த்தியிருந்த துணியைச் சுவாங் பெய்லிங் விலக்கினார். தைனான் நகரின் புதிய கலைக்கூடத்துக்காக அவர் வடிவமைத்த பலகை மாதிரியின் மேற்குச் சுவரை யாரோ அறுத்திருந்தார்கள். மூன்று மணிக்குத் தேர்வுக்குழு வருகிறது. போட்டியில் தோற்றால் அலுவலகத்தை இழுத்து மூட வேண்டியதுதான்.

காவல் துணை ஆய்வாளர் லாய் வந்தார். பெய்லிங் வரைபடம் அச்சிடப் போனபோது கதவு திறந்தே கிடந்திருக்கிறது. திரும்பும்போது படியில் எதிர்ப்பட்டவர் ஹுவாங், போட்டியிலுள்ள இன்னொரு கட்டடக் கலைஞர். நலம் விசாரிக்க வந்தாராம்.

"அவன் முழியே சரியில்ல மேடம்" என்றார் பெய்லிங்.

"முழி கிடக்கட்டும். கெடுக்க வந்தவன் அறுத்த ஓரத்துல எதுக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சான்?"

ஓரம் வழவழவென்று இருந்தது. துளை சுவரின் நடுவிலும் இல்லை. கோயில் சந்து வந்து முட்டுகிற இடத்தில் இருந்தது. அருகே நின்ற பொம்மை மனிதர்களைப்போல் இரண்டு மடங்கு உயரம்.

பெய்லிங்கின் தம்பியும் கூட்டாளியுமான யூசெங் மூலையில் சாப்பிட உட்கார்ந்திருந்தான். சோயாக்கட்டியும் மூங்கில் குருத்தும். பன்றிக்கறி இல்லாமல் இவனுக்குச் சோறு இறங்காதே என்று அக்காவே வியந்தார். நாலு நாளாக வயிறு சரியில்லை என்றவன், மிளகாய் விழுதை இன்னொரு கரண்டி அள்ளிப் போட்டுக்கொண்டான்.

லாய் அவன் எதிரே உட்கார்ந்தார்.

"சாமி ஊர்வலம் எப்போ?"

"அடுத்த வாரம்."

"வழி?"

"கோயில் சந்து."

"பல்லக்குத் தூக்குறது யாரு?"

யூசெங் இன்னொரு குருத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

லாய் பெய்லிங்கிடம் திரும்பினார். "ஆள் நுழைய இவ்வளவு உயர வாசல் வேண்டாம்மா. தோள்மேல பல்லக்கு போகத்தான் வேணும். தூக்குறவங்க ஊர்வலம் முடியறவரைக்கும் கறி தொடமாட்டாங்க. உங்க தம்பிக்கு வயித்துக்கோளாறு இல்ல, விரதம்."

"சொல்லித் தொலைக்கிறதுக்கென்னடா?"

"சொன்னேனேக்கா. பட்டாசுச் சத்தத்துக்கெல்லாம் வழிவிட முடியாதுன்னு வாயை அடைச்சிட்ட. நீ சுவர் வச்சா சந்துக்காரங்க எல்லாரும் ஊரைச் சுத்தித்தான் வரணும், சாமியும் சேர்த்து."

பெய்லிங்குக்கு அவனை அறையலாம் போலிருந்தது. பல்லைக் கடித்தபடி குனிந்து துளை வழியாகப் பார்த்தார். சந்து உள்ளே வந்து, முற்றத்தைக் கடந்து, அந்தப் பக்கத்துச் சந்தைத் தெருவில் போய்ச் சேர்ந்தது. ஊரோடு கலந்து நிற்கும் கட்டடம் என்று போகிற இடமெல்லாம் பேசியவர், ஊருக்கு முதுகைக் காட்டிச் சுவர் எழுப்பியிருந்தார். வெட்கமாக இருந்தது.

புகார் எழுதவா என்று லாய் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டிய பெய்லிங், மாதிரியின் முற்றத்தில் அந்த வழிக்குக் குறுக்கே நின்ற சிற்ப மேடையைத் தானே பெயர்த்து எடுத்தார்.

மூன்று மணிக்குத் தேர்வுக்குழுத் தலைவி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மேற்குச் சுவரருகே நின்றார். யூசெங் பல்லக்கைப் பற்றித் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தான்.

"சரி. இந்தக் கதவை ஊர்வலத்தன்னிக்கு மட்டும் திறப்பீங்களா, தினமுமா?"

யூசெங் அக்காவைப் பார்த்தான்.

"கதவே வைக்கலைங்க" என்றார் பெய்லிங்.