பதினான்காவது கம்பி

ஆயுத பூஜையன்று ஒரகடம் ரோட்டில் ஒரு கம்பெனி பஸ்கூட இல்லை. மூடிய கேட்டுகளில் வாழைக்கன்றுகள் வாடிச் சாய்ந்திருந்தன. நடுரோட்டில் சிதறிக் கிடந்த பூசணிக்காய்களை ஒதுக்கி ஒதுக்கி பைக்கை ஓட்டி வந்தார் ஜெபகுமார்.

ஊருக்கே லீவு என்றால் இவருக்கு அன்றுதான் வேலை. ஒரு கட்டடம் எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்று அளந்து, நட்சத்திரச் சான்றிதழில் கையெழுத்துப் போடும் தணிக்கையாளர். முதல் நாள் மதியமே பூஜை போட்டு லைட், ஏசி, லிஃப்ட் எல்லாவற்றையும் அணைத்துவிடுவார்கள். மறுநாள் முழுக்க எவரும் சுவிட்சைத் தொட மாட்டார்கள். எல்லாம் உறங்கிய பிறகும் கட்டடம் எதைத் திருட்டுத்தனமாகத் தின்கிறது என்று பார்க்க அதைவிட நல்ல நாள் ஏது?

கார் உதிரிபாகக் கம்பெனியின் நாலு மாடிக் கண்ணாடிக் கட்டடம். போன வருடம் ஐந்து நட்சத்திரம் கொடுத்ததே ஜெபகுமார்தான். இன்று புதுப்பிக்க வேண்டும்.

"வாங்க சார்," என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டார் மேனேஜர் கோதண்டராமன். "வெள்ளிக்கிழமை வெளிநாட்டுக்காரங்க வர்றாங்க. ஒரு ஸ்டார் குறைஞ்சாலும் என் சீட்டு காலி."

"அளவு என்ன சொல்லுதோ அதுதான் சார்."

"போன வருஷம் நல்ல பிள்ளையாத்தானே சொல்லுச்சு!" என்று சிரித்துவிட்டு மாடியேறினார்.

கேன்டீனுக்குப் பின்னால் மின்சார அறை. உள்ளே அணைந்த கற்பூரமும் அழுகத் தொடங்கிய மல்லிகையும் கலந்து மணத்தது. பெட்டிகள் எல்லாவற்றிலும் சந்தனம், குங்குமம். நேற்று மதியம் அவர் மாட்டிவிட்டுப் போன பதிவுக் கருவி பச்சைப் புள்ளியோடு கண் சிமிட்டியது. எந்தக் கம்பியில் எந்த விநாடி எவ்வளவு மின்சாரம் ஓடியது என்று குறித்து, போனுக்கு அனுப்பும் சின்னப் பெட்டி அது.

போனைத் திறந்தார். கேன்டீனின் குளிர் அறை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மற்ற கம்பிகளெல்லாம் சப்பையாக, கோடு போட்டதுபோல.

பதினான்காவது கம்பியைத் தவிர.

அதில் கோடு முள்முள்ளாக எழும்பியிருந்தது. மூன்று முள். இடைவெளி. மறுபடி மூன்று முள். நேற்று மாலை நாலு ஐம்பதுக்குத் தொடங்கி, இரவெல்லாம்.

டார்ச் அடித்து அந்தக் கம்பியைத் தேடிப் பிடித்தார். மின்சாரப் பெட்டியிலிருந்து நாலு விரல் நீளம் வந்து, நின்றது.

வெட்டப்பட்ட கம்பி. நுனியில் கறுப்பு டேப்.

எங்கும் போகாத கம்பியில் எப்படி மின்சாரம் ஓடும்?

"இன்னா சார், லீவு நாள்லயும் வுடமாட்டீங்களா?"

துள்ளிவிட்டார். கதவோரம் சின்னப்பொண்ணு. கேன்டீனில் வேலை செய்கிறவள். இடுப்பில் மாலைக் கூடை.

"ஏன் சார் பேயைக் கண்டாப்ல பாக்கறீங்க? பொரி துன்றீங்களா?"

"இந்த லைன் எங்கம்மா போகுது?"

எட்டிப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு நின்றது.

"அது கோல்டு ரூம் பெல்லு சார். உள்ள மாட்டிக்கினா அமுக்கறது. போன வருசம் யாரோ கரண்டு கணக்கு எடுக்க வந்தவரு, சும்மா கரண்டு துன்னுதுன்னு சைரனை எடுக்கச் சொல்ட்டாரு. பொறவு மேனேஜரு கம்பியையே வெட்ட வெச்சாரு."

யாரோ இல்லை. நாற்பத்து மூன்று சில்லறைச் செலவுகளைப் பட்டியல் போட்டு, பிடுங்கச் சொன்னவர் ஜெபகுமார்தான். நாலு நட்சத்திரம் ஐந்தானது அதில்தான்.

"அப்புறம் ஏன் கம்பியை வெட்டினாங்க?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "சசிரேகான்னு ஒருத்தி சார். என்னாண்டதான் வேலை. போன வருச பூஜை முடிஞ்சி மாலைய உள்ள வெக்கப் போனா. உள்பக்கக் கைப்பிடி உடைஞ்சி ஆறு மாசம், பெல்லு கீதேன்னு யாரும் சரி பண்ல. கதவு சாத்திக்கிச்சி. அவ பின்பக்கமா வூட்டுக்குப் போய்ட்டான்னு நான் நெனச்சேன். திங்கக்கெழம தொறந்தாக்கா..."

மாலைக் கூடையை இறுக்கிக்கொண்டாள்.

"மாரடைப்புன்னு எழுதிட்டாங்க. பெல்லு ஏன் அடிக்கலன்னு யாரும் நோண்டக் கூடாதுன்னு கம்பிய வெட்டிட்டாங்க. எந்தக் கதவா இருந்தாலும் மூணு தட்டு தட்டுவா சார். நிப்பா. தொறக்கலன்னா மறுபடி மூணு. 'இன்னாடி, தந்தி அடிக்கிறியா'ன்னு கலாய்ப்போம்."

ஜெபகுமாரின் கை லேப்டாப் பையைத் தானாகத் திறந்தது.

போன வருடத்துக் கோப்பு. சுத்தம் செய்து அனுப்பியது அல்ல, அசல்.

பதினான்காவது கம்பி. வியாழன் மாலை, நாலு ஐம்பது. மூன்று முள். இடைவெளி. மூன்று முள்.

இப்போது நன்றாக நினைவு வந்தது. படப்பையில், வீட்டு மேஜையில், காபியோடு உட்கார்ந்திருந்தார். கோடு அசிங்கமாக இருக்கிறதே என்று பட்டது. ஏதோ கருவிக் கோளாறு என்று முட்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, ஒரே அழுத்தில் அழித்தார்.

பூஜைக்கு முன்பே சைரனை மட்டும் கழற்றியிருந்தார்கள். பொத்தான் உயிரோடு இருந்திருக்கிறது. அழுத்தினால் துளி மின்சாரம் ஓடும். சத்தம் வராது.

அவள் கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் அவருடைய பதிவுக் கருவி கேட்டிருக்கிறது.

பத்தொன்பது மணி நேரம்.

கோட்டை நகர்த்திக்கொண்டே போனார். இரவு ஏற ஏற இடைவெளிகள் நீண்டன. ஐந்து நிமிடம். இருபது நிமிடம். வெள்ளி காலை பதினொன்று நாற்பதுக்கு ஒரு முள். இன்னொரு முள்.

மூன்றாவது இல்லை.

"சார், ஒரு ஒதவி," என்றாள் சின்னப்பொண்ணு. "இந்த மாலைய உள்ள வெக்கணும். வெள்ளைக்காரனுக்குப் போடறதாம். கதவப் புடிச்சிக்கினு நில்லுங்க. தனியா போறதுக்கு ஈரக்கொலையே நடுங்குது."

"கைப்பிடி இன்னும் சரி பண்ணலியா?"

"அட போங்க சார்."

குளிர் அறைக் கதவைத் திறந்ததும் வெண்புகை காலைச் சுற்றியது. உறைந்த எலுமிச்சை வாசனை. சின்னப்பொண்ணு உள்ளே போய், முதுகைக் காட்டியபடி மாலைகளை அடுக்கினாள்.

கதவுக்குப் பக்கத்துச் சுவரில் அந்தச் சிவப்புப் பொத்தான். வெள்ளைப் பனி பூத்திருந்தது.

மணி பதினொன்று நாற்பது.

பொத்தான் உள்ளே போனது.

யாரும் தொடவில்லை. தானாக அமுங்கி, தானாக எழும்பியது. பனியில் ஒரு கட்டைவிரல் அளவுக்குக் குழி.

மறுபடி அமுங்கியது.

இரண்டு.

ஜெபகுமார் மூச்சை அடக்கினார். அவ்வளவுதான். போன வருடம் இத்தோடு முடிந்தது.

பொத்தான் மெல்ல, மிக மெல்ல, கடைசிப் பலத்தையெல்லாம் திரட்டியதுபோல உள்ளே போனது.

மூன்று.

"தெரியும்மா," என்று முணுமுணுத்தார். "இப்ப தெரியும்."

"இன்னா சார் தெரியும்?" சின்னப்பொண்ணு வெளியே வந்து, அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு பொத்தானைப் பார்த்தாள். கை கூப்பினாள்.

"அந்தப் பெல்லை மட்டும் மாட்டச் சொல்லி எழுதுங்க சார். இப்ப நான்தான் உள்ள போறேன். எனக்கு ரெண்டு பொண்ணுங்க."

"எழுதறேன். கண்டிப்பா." தன் நம்பரைக் கொடுத்து, அவள் நம்பரையும் போனில் குறித்துக்கொண்டார்.

மூன்றாவது மாடியில் கோதண்டராமன் அசல் கோப்பை முழுதாகப் பார்த்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"பெல்லை மாட்டணும்னு எழுதினா, ஏன்னு கேப்பாங்க. இந்த ஃபைலை எடுப்பாங்க. கம்பியை வெட்டினது நான். சரி." குரலைத் தாழ்த்தினார். "முள்ளை அழிச்சது யார் சார்?"

ஜெபகுமார் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இந்த வருடத்து முட்களைத் தேர்ந்தெடுத்தார். போன வருடத்து அசலையும். ஒரே அழுத்து.

கோடு சப்பையானது. ஐந்து நட்சத்திரம்.

கருவியைக் கழற்றி, பேட்டரியை உருவி, பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். படப்பை சிக்னலில் போன் அடித்தது. சின்னப்பொண்ணு. பைக்கை ஓரங்கட்டி எடுத்தார்.

"எங்கம்மா இருக்கே?"

"ஷேர் ஆட்டோல சார். வூட்டுக்குப் போய்க்கினு கீறேன். பெல்லு விசயம் எழுதிட்டீங்களா?"

ஷேர் ஆட்டோவில் பாட்டுச் சத்தம். உயிரோடு, வெயிலில் இருக்கிறாள். அவருக்கு மூச்சு வந்தது.

"எழுதிட்டேன்மா."

"நீங்க நல்லா இருக்கணும் சார். வெள்ளிக்கெழம காலையில மொத வேலை, உள்ள போயி மாலைய எடுக்கறதுதான். பயந்துக்கினே இருந்தேன்."

வைத்துவிட்டாள்.

போன் கையிலேயே அதிர்ந்தது. பேட்டரி இல்லாத கருவியிலிருந்து செய்தி. கம்பி பதினான்கு.

ஒன்று. இரண்டு. மூன்று.

போனை அணைத்தார். திரை கறுத்தது. சட்டைப்பையில் போட்டு, பைக்கைக் கிளப்பினார்.

நெஞ்சோரம், அணைந்த போன் மூன்று முறை துடித்தது.

நின்றது. கதவு திறக்கிறதா என்று பார்த்தது.

மறுபடி மூன்று.