இல்லை என்று சொன்னவள்

நல்லம்மா முற்றத்தில் மிளகைக் காயப் போட்டுவிட்டுச் சமையலறைக்குள் வந்தபோது, மகள் ரஞ்சிதம் அடுப்புக்கு முன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணி தொடாமலே ஆறிக் கிடந்தது.

"குடிக்கலையா ரஞ்சி?"

"எனக்கு வேணாம். நீங்க மொதல்ல பதில் சொல்லுங்கம்மா. கண்டிப் பள்ளிக்கூடத்துல இடம் இருக்குன்னு சொல்லிட்டாங்க. விடுதிக் காசு கட்டுனா தான் சேத்துக்குவாங்க. கட்டுவீங்களா, மாட்டீங்களா?"

நல்லம்மா கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். கழுவ இனி ஒன்றும் இல்லை என்றான பிறகும் கழுவினாள்.

"இந்த வருஷம் இல்ல, ரஞ்சி."

"போன வாரம் ஸமத் நானா லொறி நெறைய மொளகும் கொக்கோவும் ஏத்திட்டுப் போனாரே... நீங்க சல்லிய வாங்கி மடியில கட்டுனத நான் பாத்தேனே."

"அதுக்கு வேற செலவு இருக்கு."

"என்ன செலவு? நாம பட்டுச் சேலையா கட்டுறோம்? கோழிக்கறியா திங்கிறோம்? எங்கம்மா போகுது அந்தக் காசு?"

நல்லம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். அம்மியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்த நாத்தனார் வேலம்மா தான் பேசினாள். அவள் ரஞ்சிதத்தின் அப்பாவுக்கு அக்கா. புருஷன் செத்த பிறகு தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தவள்.

"கேட்டா சொல்லவா போறா? எந்தம்பி போறவன் வாறவனுக்கெல்லாம் அள்ளிக் குடுக்குறான். இவ பெத்த புள்ளைக்குக் கூட முடிச்ச அவுக்க மாட்டேங்கிறா. எந்த வயித்துல பொறந்தாளோ..."

ரஞ்சிதம் எழுந்து முன்னறைக்குப் போனாள். அங்கே அவள் அப்பா, போதகர் சாமுவேல் இராமசாமி, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்காக வேதாகமத்தைத் திறந்து வைத்திருந்தார். அவள் கேட்டது நல்லம்மாவுக்குக் கேட்டது. அவர் சொன்ன பதிலும் கேட்டது.

"தோட்டம் அம்மா பொறுப்பும்மா. அம்மாகிட்ட கேளு."

அது ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தாறாம் வருடத்துத் தை மாதம்.

மாத்தளைப் பக்கம் யட்டவத்தவுக்கு மேலே, ரப்பர் தோட்டமும் தேயிலையும் சந்திக்கும் மலைச்சரிவில் இருந்தது இராமசாமியின் வேதக் கோயில். அதை ஒட்டிப் போதகர் குடியிருக்கும் குருமனை. குருமனையைச் சுற்றி மிளகு, கொக்கோ, தென்னை, கீழே ஓடைப் பக்கம் கொஞ்சம் வயல். வெள்ளைக்காரத் துரைமார் இருந்த காலத்தில் மாதாமாதம் அவர்கள் கொடுத்த காசில் எல்லாம் நடந்தது. தோட்டங்களை அரசாங்கம் எடுத்ததும் துரைமார் கப்பலேறினார்கள். காசும் நின்றது. மேலே உள்ள தோட்டத் தொழிலாளர் லயங்களில் செபம் நடத்தி, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்து வந்த இரண்டு உபதேசியார்களுக்கும் இனிச் சம்பளம் கொடுக்க முடியாது என்று மிசன் கைவிரித்தது.

அன்று இராமசாமி ஒரு முடிவு எடுத்தார். தன் சம்பளத்தை அந்த இருவருக்கும் பிரித்துக் கொடுக்கும்படி மிசனிடம் சொல்லிவிட்டு வந்து, அதற்குப் பிறகு தான் மனைவியிடம் சொன்னார்.

"நமக்குத் தோட்டம் இருக்கு. நீ எப்படியும் சமாளிப்ப, நல்லம்மா."

அவளும் சமாளித்தாள். விடியுமுன் எழுந்து கூலிக்காரர்களோடு கூலிக்காரியாக மிளகு பறிக்க ஏணியில் ஏறினாள். குருமனைக் கூரை ஒழுகினால் தகரம் போட்டது அவள். கோயில் சுவருக்குச் சுண்ணாம்பு வாங்கியது அவள். தேங்காய் இரவல் கேட்டு வந்தவர்களிடம் காசு கேட்டதும் அவள் தான். தேங்காய்க்கே காசு வாங்கும் போதகரம்மா என்று ஊரில் பேரானது. அதே ஆட்கள் முன்வாசல் பக்கம் போய் நின்றால் இராமசாமி சட்டைப் பையில் இருந்ததை எடுத்துக் கொடுப்பார். அந்தச் சட்டைப் பையில் இருந்ததும் அவள் வைத்தது தான்.

அன்று ரஞ்சிதம் அழுதுகொண்டே படுத்துவிட்ட பிறகு நல்லம்மா முன்னறைக்குப் போனாள்.

"என்னங்க... ரெண்டு வருஷத்துக்கு மட்டும் நம்ம சம்பளத்தத் திருப்பிக் கேட்டா என்ன? புள்ள படிச்சு முடிக்கட்டுமே."

அவர் வேதாகமத்தை மூடி வைத்தார். "அந்த ரெண்டு குடும்பமும் ரெண்டு வருஷம் என்னத்தத் திம்பாங்க, நல்லம்மா?"

அவள் விளக்கின் திரியைத் தணித்தாள்.

"அப்ப அவகிட்ட உண்மையயாவது சொல்லிரட்டுமா?"

"வேணாம். அக்கா காதுல விழுந்தா ஊரே பேசும். போதகர் சம்பளத்துல தான் சாப்புடுறோம்னு தெரிஞ்சா உபதேசியாருங்க தலை நிமிந்து நடப்பாங்களா? வேலைய விட்டுட்டுப் போயிருவாங்க. புள்ள சின்னவ. ஒரு வாரத்துல மறந்துருவா."

ரஞ்சிதம் மறக்கவில்லை. கண்டிக்குப் போகாமல் வீட்டில் கிடந்தவள், மாத்தளையில் தையல்கடை வைத்திருந்த நாகமுத்துவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு ஒரு நாள் பெட்டியோடு வாசலில் நின்றாள். அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அம்மாவின் பக்கம் திரும்பி, "இந்த வீட்டுல எனக்குன்னு ஒண்ணும் இல்லேன்னு நீங்க தானேம்மா சொன்னீங்க. இருக்குற எடத்துக்குப் போறேன்" என்றாள்.

அவ்வளவு தான். அதற்குப் பிறகு இராமசாமி மாத்தளைக்குப் போனால் மகள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருவார். நல்லம்மாவை யாரும் கூப்பிடவில்லை. பேரன் பிறந்ததைக் கூட அவள் அவர் வாயால் தான் அறிந்தாள். மிளகு ஏற்ற வரும் அப்துல் ஸமத் நானாவிடம் தேங்காயும் வாழைக்குலையும் கொடுத்தனுப்புவாள். அடுத்த முறை வரும்போது அவர் லொறியிலிருந்து அவற்றை இறக்கி வைப்பார்.

"மருமகன் வாங்கிக்க வந்தாரு தங்கச்சி. மகள் தான் வேணாம்னுட்டா. மனசுல வச்சிக்காதீங்க. அல்லாஹ் ஒரு வழி காட்டுவான்."

எண்பத்து மூன்றாம் வருட ஆடியில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், மாத்தளைக் கடைத்தெரு எரிந்தது. புகை யட்டவத்த வரைக்கும் தெரிந்தது. லயங்களிலிருந்து சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டு வழியாகக் கோயிலுக்கு ஓடி வந்தார்கள். அன்று முழுக்க நல்லம்மா வந்தவர்களுக்குப் பாய் விரித்தாள், அடுப்பு மூட்டினாள், பாதையைப் பார்த்தாள். மறுநாள் காலை ஸமத் நானாவின் லொறி வந்தது. வெற்றுச் சாக்குகளுக்கு அடியிலிருந்து ரஞ்சிதமும் நாகமுத்துவும் நான்கு வயதுப் பையனும் எழுந்து வந்தார்கள். கடையும் வீடும் போய்விட்டன. உடுத்திய துணி தான் மிச்சம்.

நல்லம்மா ஓடிப் போய்க் கையை நீட்டினாள். ரஞ்சிதம் பையனைத் தன் அப்பாவின் கையில் கொடுத்தாள்.

ஊரடங்குச் சட்டம். பாதை பூட்டு. கடை இல்லை. கோயிலுக்குள்ளும் குருமனையிலுமாக அத்தனை சனம். இராமசாமி களஞ்சிய அறைக் கதவைத் திறந்து போட்டுவிட்டு, "எல்லாருக்கும் வயிறாரப் போடுங்க. நாளைக்குக் கர்த்தர் பாத்துக்குவார்" என்றார்.

நல்லம்மா கதவைச் சாத்திப் பூட்டினாள். "நாளைக்கும் நான் தாங்க பாக்கணும்" என்றாள்.

காலையில் கஞ்சி, பின்னேரம் ஒரு கரண்டிச் சோறு, பலாக்காய். விதைநெல்லைக் குத்தினாள். தொழுவத்தில் நின்ற வளர்ந்த கன்றை அயல் கிராமத்தானுக்கு விற்று அரிசி வாங்கினாள். ஒரே ஒரு மாடு தான் கறந்தது. அந்தப் பால் கைக்குழந்தைகளுக்கு மட்டும் என்றாள். சனங்கள் முணுமுணுத்தார்கள். இந்த நேரத்திலும் அளந்து போடுகிறாளே என்று வேலம்மா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

ஒரு நாள் காலை, கஞ்சிக்கு வரிசை நிற்கும்போது ரஞ்சிதம் ஒரு கோப்பையோடு வந்தாள். பையனுக்கு முதல் நாளிலிருந்து காய்ச்சல்.

"கொஞ்சம் பால் ஊத்துங்க. கஞ்சி குடிக்க மாட்டேங்கிறான்."

நல்லம்மா பால் சட்டியைப் பார்த்தாள். வரிசையில் மூன்று தாய்மார் கைக்குழந்தைகளோடு நின்றார்கள். அவர்களுக்கே அது காணாது.

"பால் இல்லம்மா. கஞ்சித் தண்ணிய வடிச்சு உப்புப் போட்டுத் தாறேன். காச்சலுக்கு அது தான் நல்லது."

"இல்லையா?" ரஞ்சிதம் கோப்பையைத் தரையில் வைத்தாள். "சட்டியில இருக்குறது என்ன? ஒங்களுக்கு இந்த ஒரு வார்த்த தான் தெரியுமாம்மா? எனக்கு இல்லேன்னீங்க. என் படிப்பு போச்சு. இப்ப எம்புள்ளைக்கும் இல்ல. யாருக்காகம்மா நீங்க இப்பிடிச் சேத்து வைக்கிறீங்க? சாகும்போது கொண்டு போகவா..."

வரிசை முழுதும் திரும்பிப் பார்த்தது. நல்லம்மா குனிந்தபடி அடுத்த தட்டில் கஞ்சி ஊற்றினாள். ஊற்றும்போது கை தவறிப் பாதி தரையில் சிந்தியது.

இராமசாமி பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு கோயில் வாசலில் நின்றிருந்தார். படியிறங்கி வந்தார். எத்தனையோ பேருக்கு முன்னால் எத்தனையோ முறை பேசிய மனிதர். அன்று யார் முகத்தையும் பார்க்காமல் பேசினார்.

"ரஞ்சி... அம்மாவ ஏசாதம்மா. ஒனக்கு இல்லேன்னவன் நான்."

"அப்பா, நீங்க அவங்களுக்குப் பரிஞ்சு பேசாதீங்க."

"பரிஞ்சு பேசல. அத அன்னைக்கே செஞ்சிருக்கணும். நான் சம்பளம் வாங்கி ஒம்போது வருஷமாகுது. மிசன் காசு இல்லேன்னு சொன்னப்ப, உபதேசியார்மாரு நிக்கட்டும்னு என் சம்பளத்த விட்டுக் குடுத்துட்டேன். நான் குடுத்தேன்னு நெனச்சேன். ஆனா பட்டினி கெடந்து குடுத்தது இவ. நீ தின்ன சோறு, இந்தக் கூரை, நான் சட்டப் பையிலருந்து எடுத்துக் குடுத்த சல்லி, எல்லாம் இவ ஏணியில ஏறிச் சம்பாரிச்சது. ஒன்ன ரெண்டு வருஷம் படிக்க வைக்கணும்னு எங்கிட்ட கெஞ்சினா. முடியாதுன்னேன். வெளிய சொல்லவும் கூடாதுன்னேன். என்னை ஊரே நல்லவன்னு சொல்றதக் கேட்டுக்கிட்டு, இவள எல்லாரும் ஏசுறதையும் கேட்டுக்கிட்டு இருந்துட்டேன்."

வேலம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வரிசையில் தட்டோடு நின்ற மேல் லயத்து உபதேசியாரின் கை மெல்லத் தாழ்ந்தது. அவர் தட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டு திரும்பி நடக்கப் போனார்.

நல்லம்மா அகப்பையோடு எழுந்து அவர் முன்னால் போய் நின்றாள்.

"நில்லுங்க உபதேசியாரே. லயத்துப் புள்ளைங்க நாலு எழுத்து படிச்சது ஒங்களால தான். அது எங்களுக்கு நட்டமில்ல. தட்ட நீட்டுங்க."

அவர் நீட்டினார். தலையை நிமிர்த்தவே இல்லை.

அவருக்கு ஊற்றிய பிறகு, வரிசை முடியும் வரை அவள் ஒவ்வொருவருக்கும் ஊற்றினாள். பிறகு மாட்டுத் தொழுவத்துப் பக்கம் போய் ஒரு கல்லில் உட்கார்ந்தாள். ரஞ்சிதம் பின்னாலேயே போய் அவள் காலடியில் உட்கார்ந்தாள்.

"ஏம்மா சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் இப்பிடிப் போயிருப்பேனா? பேரனக் கூட ஒங்க கண்ணுல காட்டாம... தேங்காயத் திருப்பி அனுப்பி..."

"அழாத. நீ நெனச்சதுல பாதி உண்மை தான்."

"என்னம்மா சொல்றீங்க?"

நல்லம்மா மகளின் தலையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். எண்ணெய் காணாத தலை. புகை வாசம் இன்னும் போகவில்லை.

"ஒங்கப்பா நல்லது தான் செஞ்சாரு. ஆனா அவருக்கு நான் ஒரு தடவையாவது இல்லேன்னு சொல்லியிருக்கணும், ரஞ்சி. புள்ள படிப்பு முடியிற வரைக்கும் முடியாதுங்கன்னு. எனக்குத் தைரியம் வரல. அவருக்குச் சொல்றத விட ஒனக்குச் சொல்றது லேசா இருந்துச்சு. நீ எம்புள்ள, பொறுத்துக்குவன்னு நெனச்சேன்... ஒம் படிப்ப எடுத்துத் தான் நான் இந்தக் குருமனைய நடத்துனேன். அத யாரு வந்து என்ன சொன்னாலும் எனக்கு ஆறாது."

ரஞ்சிதம் அம்மாவின் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் சத்தமில்லாமல் அழுதார்கள். அந்த அழுகையில் நல்லம்மாவின் ஏழு வருடமும் இருந்தது.

பையனுக்குக் காய்ச்சல் கஞ்சித் தண்ணியிலேயே விட்டது. பாதை திறந்ததும் சனங்கள் ஒவ்வொருவராக லயங்களுக்குத் திரும்பினார்கள். ரஞ்சிதம் குருமனையிலேயே தங்கினாள். அம்மாவோடு கொக்கோ உடைத்தாள், மிளகு உருவினாள், அவளும் இவளும் விட்டுப்போன கதையெல்லாம் பேசினார்கள். நல்லம்மா அவ்வளவு பேசுவாள் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. வேலம்மா சில நாள் முகம் கொடுக்காமல் இருந்துவிட்டு, ஒரு காலையில் தம்பி மனைவிக்கு முன்பாகவே எழுந்து அடுப்பு மூட்டினாள். அதற்கு மேல் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் நாகமுத்துவுக்கு மாத்தளைத் தெருவில் இறங்கி நடக்க மனம் வரவில்லை. அவன் குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட் கேட்டு எப்போதோ எழுதிப் போட்டிருந்தது அந்த நேரம் பார்த்துக் கிடைத்தது. மறு வருடத் தையில் இந்தியாவுக்குப் போகும் தலைமன்னார்க் கப்பலைப் பிடிக்க மாத்தளை ஸ்டேஷனுக்கு வந்து நின்றார்கள்.

"இப்ப தான் கெடச்சீங்க. அதுக்குள்ள போறேனேம்மா" என்றாள் ரஞ்சிதம்.

"போ. புள்ளையப் படிக்க வை. யாரு என்ன கேட்டாலும் அத மட்டும் விட்டுக் குடுத்துராத."

இராமசாமி மகளுக்குப் பக்கத்தில் வந்தார். அவள் தலையில் கை வைத்தார். ரயில் ஊதும் வரை அந்தக் கையை எடுக்கவில்லை. ரயில் நகர்ந்து, வளைவு திரும்பி, சத்தமும் அடங்கிய பிறகும் இருவரும் அங்கேயே நின்றார்கள்.

யட்டவத்த பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். அலுத்துப்போன முகத்தோடு வெளியே பார்த்துக்கொண்டிருந்த நல்லம்மாவை அவர் பல முறை திரும்பிப் பார்த்தார்.

"நல்லம்மா, நாளைக்குத் தோட்டத்துல என்ன வேல?"

இத்தனை வருடத்தில் அவர் அப்படிக் கேட்டதில்லை. அவள் ஜன்னலிலிருந்து திரும்பி அவரைப் பார்த்தாள்.

"ஓடைப் பக்கத்து மொளகுக் கொடிய எல்லாம் இறுக்கிக் கட்டணும்" என்றாள். "ஏணியப் புடிக்க ஆள் வேணும்."

"நான் புடிக்கிறேன்."

அவள் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். இறங்க வேண்டிய இடம் வரும் வரை அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.