கச்சிராயபாளையத்துக் கிணறு

பச்சமுத்துவுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. பதினொரு மாதம் லீவே இல்லாமல் குனிந்த முதுகோடு கட்டடத்துக்குக் கம்பி கட்டினால் யாருக்கும் அப்படித்தான். வண்டியை விட்டு இறங்கியவன், கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றான்.

"இன்னாடா மச்சான், கெழவனாட்டம் நிக்கிற? இந்த லட்சணத்துக்கு ஊர்ல பொண்ணு வேற பாத்துக்கினு இருக்காங்களாம்."

ஜீவா சிரித்தான். சிரிப்பு கண்வரை ஏறவில்லை.

ஊரில் இருவரும் ஒரே கிணறு வெட்டும் செட். ஓமானுக்கும் ஒரே விமானத்தில்தான் வந்தார்கள். வந்த பிறகு ஆளுக்கொரு கம்பெனி, ஆளுக்கொரு ஊர். ஐந்து வருடம் கழித்து இப்போதுதான் பார்க்கிறார்கள். பெருநாளுக்கு மூன்று நாள் லீவு. கடலோரத்தில் ஓர் அறை பிடித்து, நீ வந்தே ஆகணும் என்று ஜீவா கூப்பிட்டிருந்தான்.

மத்தியான வெயில் மணலில் விழுந்து கண்ணைப் பறித்தது. கண்ணுக்கு எட்டிய வரை ஆள் இல்லை. அறைக்குள் மீன் கவிச்சை அடிக்கும் என்று நினைத்து நுழைந்தான் பச்சமுத்து. அடித்தது வேறு வாடை. பாறைக்கு வேட்டு வைத்த பிறகு கிணற்றுக்குள் அடைந்து கிடக்குமே, தொண்டையைக் கமறும் மருந்துப் புகை. அது.

"உனக்கு அடிக்கலயாடா?"

"ரெண்டு மாசமா அடிக்குது. எங்க போனாலும் கூடவே வருது" என்றான் ஜீவா. "அதுக்குத்தான் உன்னக் கூப்ட்டேன். அந்தக் கெணறுடா."

பச்சமுத்து மெல்லக் கட்டிலில் உட்கார்ந்தான்.

கல்வராயன் மலையடியில், கச்சிராயபாளையத்தில் அவர்கள் கடைசியாக வெட்டிய கிணறு. ஊற்றுக்கண் உடைந்தால் உடனே மேலே ஏறிவிட வேண்டும். கெடா வெட்டி, ரத்தத்தை உள்ளே விட்ட பிறகுதான் மனிதக் கால் அந்தத் தண்ணீரில் படலாம். கிணறு வெட்டுகிற எவனும் இதை மீறமாட்டான். அன்று சித்திரை வெயில். உடம்பெல்லாம் கல்தூள். கெடா இன்னும் வந்து சேரவில்லை. யாரு பாக்கப் போறா என்றான் ஜீவா. இருவரும் குளித்தார்கள். வயிறு முட்டக் குடித்தார்கள். சாயங்காலம் கெடா வெட்டியபோது ரத்தம் தண்ணீரில் கரையவே இல்லை, மேலேயே மிதந்தது. இருவரும் வாய் திறக்கவில்லை. மறுவாரம் விசா வந்துவிட்டது.

"கடல்ல முழுவினா எல்லாம் அறுந்துடும்னு சொல்றாங்க. ரெண்டு பேரும் சேந்து முழுவணும்டா. என்னால தனியா இறங்க முடியல."

கைகோத்துக்கொண்டு இறங்கினார்கள். முழங்கால் அளவு. இடுப்பளவு. வெயிலில் கொதித்திருக்க வேண்டிய தண்ணீர் சில்லென்று எலும்பில் ஏறியது.

ஒரு கை அள்ளி வாயில் விட்ட ஜீவா அப்படியே நின்றுவிட்டான்.

"மச்சான்... உப்பு இல்லடா."

பச்சமுத்துவும் நாக்கில் வைத்துப் பார்த்தான்.

இனித்தது.

"கால்ல படி தட்டுது" ஜீவாவின் குரல் இறங்கிவிட்டது. "உளி தழும்பு தெரியுதுடா. நாம கொத்துன படி."

"ஏறி வாடா!"

"நான் எறங்கலடா. காலு அதுவா எறங்குது."

தண்ணீர் அவன் மார்புக்கு வந்தது. கழுத்துக்கு வந்தது. ஒரு சாண் தள்ளி நின்ற பச்சமுத்துவுக்கு இன்னும் இடுப்பளவுதான். அவன் இரண்டு கையாலும் ஜீவாவின் மணிக்கட்டைப் பிடித்தான். இரும்பு வளைக்கிற கை.

பிடி வழுக்கவில்லை.

பச்சமுத்துவின் விரல்களைத் தண்ணீருக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எதுவோ பிரித்தது.

அலை வந்து போனது. ஒரு குமிழிகூட எழவில்லை.

போலீஸ் படகு இரண்டு நாள் தேடியது. அந்த இடத்தில் தண்ணீரே இடுப்பளவு. ஆள் எப்படிக் காணாமல் போவான் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

கேம்புக்குத் திரும்பியதும் ஜீவாவின் அம்மா ஜெயம்மாள் போன் செய்தாள்.

"எம்புள்ளய எப்பப்பா வூட்டுக்கு அனுப்புவாங்க? பொட்டியிலயாவது வருவானா?"

"தேடிக்கினு இருக்காங்க அத்த."

மறுநாள் நன்றாக விடிந்திருந்தது. ஆட்கள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பச்சமுத்து கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தான். சிமெண்ட் தரை தட்டுப்படவில்லை.

ஈரமான கல். அதற்குக் கீழே இன்னொன்று.

அன்று குளித்தவர்கள் இரண்டு பேர். கிணற்றுக்கு இன்னும் ஓர் உயிர் பாக்கி.