ரெண்டு தட்டு

தட்டின சத்தம் கேட்டது. ஆனால் அது சுத்தியல் சத்தம் இல்லை.

இரும்புக் குழாயில் சுத்தியல் விழுந்தால் 'ணங்'கென்று கேட்கும். கட்டிடத்துக்குக் கீழே நின்று கான்கிரீட் பம்ப் ஓட்டுகிற அவனுக்கு அது தூக்கத்திலும் அடையாளம் தெரியும். இது மொத்தையாக, யாரோ விரல் முட்டியால் கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. ரெண்டு தட்டு. ரெண்டு தட்டினால் 'அனுப்பு', ஒரு தட்டென்றால் 'நிறுத்து'. மழையில் நனைந்து வாக்கி-டாக்கி செத்துப்போனால் மேலே இருக்கிறவனுக்கும் கீழே இருக்கிறவனுக்கும் இதுதான் பாஷை. குழாய்க்குள் கான்கிரீட் சரக்கு நிறைந்திருப்பதால் சத்தம் அமுங்கி வருகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு பட்டனை அமுக்கினான். பம்ப் உறுமியது, குழாய் ஒரு குலுங்கு குலுங்கியது, கான்கிரீட் மாடியை நோக்கி ஏறியது.

மதியச் சாப்பாடு முடிந்து இன்னும் கை காயவில்லை, அதற்குள் வானம் இருட்டிக்கொண்டு வந்துவிட்டது. கட்டிடத்தைச் சுற்றிக் கட்டியிருந்த பச்சை வலை காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது. டீசல் புகையும் ஈரச் சிமெண்ட் வாடையும் தொண்டையில் வந்து உட்கார்ந்தன. அண்ணாந்து பார்த்தால் மூணாவது மாடிக்கு மேல் மழையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. காற்று இப்படி எழும்பினால் பம்ப்பை நிறுத்தி, குழாயில் இருப்பதைப் பின்னுக்கு இழுத்து, ஆட்களை இறக்கிவிட வேண்டும். தெரியாதவனா அவன்? ஆனால் தூணைப் பாதியில் விட்டால் நாளைக்கு இடித்துத் தள்ள வேண்டும், குழாயும் அடைத்துக்கொள்ளும். இந்த ஒரு தூணோடு முடித்துவிடலாம் என்று பார்த்தான்.

அந்தத் தூணின் பலகைக் கூட்டுக்குள் இறங்கி, குழாய் நுனியில் மாட்டிய ரப்பர் ஹோஸைப் பிடிப்பவன் அவனுடைய மச்சினன். கம்பிகளுக்கு நடுவே நுழைகிற உடம்பு அவனுக்குத்தான் உண்டு என்பதால் சைட்டில் அவன் பெயரே 'ஒட்டடைக்குச்சி'. அதைச் சொன்னால் கோபிக்க மாட்டான். "இந்தக் குச்சி இல்லேன்னா உங்க தூணு நிக்குமா மாமா?" என்று சிரிப்பான்.

ரெண்டு தட்டு. அனுப்பினான்.

போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, புயல் கரையைக் கடக்குதாமே. தம்பி கீழ வந்துட்டானா?"

"இதோ, இறங்கிட்டு இருக்கான்."

"சத்தியமா?"

"அட, வைம்மா போனை. நான் பார்த்துக்கறேன்."

பொய்தான். அடுத்த தட்டு ஒற்றையாக வந்தால் உடனே நிறுத்திவிடுவது என்று நினைத்துக்கொண்டான். வந்தது ரெண்டு. கொஞ்ச நேரத்தில் மறுபடி ரெண்டு. பசித்த பிள்ளை கேட்கிற மாதிரி, விடாமல். அவனும் அனுப்பிக்கொண்டே இருந்தான்.

கலவை லாரிக்காரன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். "அண்ணே, சரக்கு காலி. ஒரு தூணு இவ்வளவா குடிக்கும்?"

குடிக்காது. அது அவனுக்கும் தெரியும்.

அப்போதுதான் மேஸ்திரி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஷெட்டிலிருந்து ஓடிவந்தார். "யோவ், உனக்குக் கிறுக்கா? யாருக்குய்யா பம்ப் ஓட்டற? முதல் மின்னலுக்கே எல்லாரையும் இறக்கிட்டேனே!"

"மேல இருந்து தட்டறாங்களே?"

"எவன் தட்டுவான்? மேல ஈ காக்கா கிடையாது."

"என் மச்சினன்?"

மேஸ்திரியின் முகம் மாறியது. "உன்கிட்டத்தானே வந்தான்? நான் போட்ட சத்தம் எல்லாருக்கும் கேட்டுச்சே."

தூணுக்குள் நின்றவனுக்குக் கேட்டிருக்காது. இடி இடித்துக்கொண்டிருந்தது.

சிவப்புப் பட்டனை ஓங்கிக் குத்தினான். பம்ப் செத்தது. மழைச் சத்தம் மட்டும். அதன் நடுவே, குழாயில், நிதானமாக, ரெண்டு தட்டு.

"உயிரோட இருக்கான்!" என்று கத்தியபடி படியேறி ஓடினான். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பின்னாலேயே மேஸ்திரி. கைப்பிடி இல்லாத படிகள், வழுக்கும் ஈரம், பக்கத்திலேயே சுவரோடு ஏறும் குழாய். தட்டு கேட்டுக்கொண்டே வந்தது. ரெண்டாவது மாடியில் கேட்டது. நாலாவது மாடியிலும் கேட்டது. எவ்வளவு ஏறினாலும் அது கிட்டே வரவில்லை. தூரப் போகவும் இல்லை. காதுக்குப் பக்கத்தில், கூடவே ஏறி வந்தது.

அவன் குழாயைப் பார்ப்பதை நிறுத்தினான்.

மேல்தளம் முழுக்கக் கான்கிரீட். தூணின் வாய் நிரம்பி வழிந்து, கணுக்கால் அளவுக்குத் தளமெங்கும் பரவியிருந்தது. ஹோஸ் அதில் முகம் குப்புறக் கிடந்தது. சுத்தியல் குழாயோரம் கட்டிய கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மேல் ஒரு பொட்டுச் சிமெண்ட் இல்லை.

"மாப்ள!"

சாரக் கம்பி ஒன்றைப் பிடுங்கி, தூணைச் சுற்றி இறுக்கியிருந்த ஆப்புகளை ரெண்டு பேரும் அடித்துக் கழற்றினார்கள். பலகை பிளந்தது. சாம்பல் நிறச் சேறு சரிந்து அவன் இடுப்பு வரை வந்தது. கையால் வாரினான். நகம் பிய்ந்தது. வாரினான். சட்டை தட்டுப்பட்டது. தோள். முகம்.

வாய் திறந்திருந்தது. வாய் நிறையச் சிமெண்ட். எவ்வளவு வழித்தாலும் தீரவில்லை.

"ஐயோ, என் சாமி, நான்தானேடா அனுப்பினேன்... உங்க அக்காகிட்ட நான் என்னடா சொல்லுவேன்..."

மேஸ்திரி அவன் தோளைத் தொட்டார். "கையைப் பாரு," என்றார். "அவன் கையைப் பாருய்யா."

பார்த்தான்.

மச்சினனின் ரெண்டு கையும் பக்கவாட்டில், கம்பிகளுக்கு நடுவே, முழங்கை வரை இறுகிக் கிடந்தன. முதல் சரக்கிலேயே சிக்கியிருக்க வேண்டும். ஒரு விரலைக்கூட அசைத்திருக்க முடியாது. குழாய் எட்டாத தூரத்தில் இருந்தது.

மழை சட்டென்று ஓய்ந்தது. எங்கும் அமைதி.

குழாயில் ரெண்டு தட்டு.

ஏழு மாடி கீழே, அவன் நிறுத்திவிட்டு வந்த பம்ப், சரக்கு தீர்ந்துபோன பம்ப், உறுமியது.

காலடியில் கிடந்த ஹோஸ் மெல்ல உப்பியது. வாயைத் தூக்கியது. அவன் பக்கம் திரும்பியது.