ஒன்றாம் தொட்டியில் ஏறிய உப்பு

"சார், எனக்கு இன்னைக்கு மூணு மணி வரைக்கும்தான் டைம்," என்றபடியே உள்ளே வந்தாள் அந்தப் பெண். தலைமுடி இன்னும் ஈரமாக இருந்தது.

துறைமுகத்தில் அவளுக்கு நீர்க்கோழி என்று பெயர். இருநூறு ஆண்டுகளாகக் கடலடியில் கிடந்த மரக்கப்பலைக் கண்டுபிடித்த டைவர். கப்பலின் பெயர் செதுக்கிய பலகையை இரண்டு வாரம் முன்பு மேலே கொண்டு வந்தவளும் அவள்தான். சனிக்கிழமை வரை அது அருங்காட்சியக ஆய்வுக்கூடத்தில், தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்தது. திங்கட்கிழமை காலை இல்லை.

"ஞாயித்துக்கிழமை காத்து சிலிண்டர் வைக்க நான் ஒருத்திதான் உள்ளே போனேன். ரிஜிஸ்டர்ல என் கையெழுத்து இருக்கு. மியூசியம் இயக்குநர் துறைமுக ஆபீஸ்ல புகார் கொடுத்துட்டார். மூணு மணிக்கு என் லைசென்ஸ் போயிடும். அப்புறம் நான் எந்தக் கடல்ல குதிக்கிறது?"

சர்வேயர் காபியை நிதானமாக முடித்தார். முப்பது வருடம் கப்பல் விபத்துகளை ஆராய்ந்து ஓய்வு பெற்றவர். அதற்குள் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

"கிளம்பலாமா அத்தான்?"

"முதல்ல சட்டைப் பொத்தானைச் சரியாப் போடு மாப்ள. திருடன் பார்த்தா சிரிப்பான்."

ஆய்வுக்கூடம் மீன் சந்தைபோல் ஈரமாக இருந்தது. வரிசையாக நான்கு தொட்டிகள். ஓரத்தில் புத்தம் புதிய கண்ணாடிப் பெட்டி, உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது, பொருள்தான் இல்லை.

"வெள்ளிக்கிழமை திறப்பு விழா. அழைப்பிதழ்ல பலகையோட படத்தையே போட்டாச்சு," என்று பொருமினார் இயக்குநர். "இப்ப வர்றவங்களுக்கு விளக்கையா காட்டறது?"

தொட்டிகளைப் பராமரிக்கும் அம்மாள் கையுறையைக் கழற்றாமலே நின்றார். அவரை எல்லோரும் 'தொட்டியம்மா' என்றார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்.

"மரத்தை ஏன் தண்ணியிலயே போட்டு வைக்கறீங்க?" என்று கேட்டான் மச்சான்.

"கடல் உப்பு உள்ளே ஊறியிருக்கும். நல்ல தண்ணியில கிடந்தா மெல்ல மெல்ல வெளியே வரும். அதுக்கு முன்னாடி காயவிட்டா வெடிச்சுப் போகும்." சுவரில் இருந்த கரும்பலகையைக் காட்டினார். "தினமும் காலையில நான்தான் உப்பை அளந்து எழுதுவேன்."

மச்சான் விடாமல் குறித்துக்கொண்டான். நான்காம் தொட்டி, காணாமல் போன பெயர்ப்பலகை இருந்தது: சனிக்கிழமை 360. அதன்பின் கோடு. ஒன்றாம் தொட்டி, வேறொரு கப்பலின் மரச்சட்டங்கள், இரண்டு வருடமாக ஊறுகின்றன: வெள்ளி 20, சனி 20, திங்கள் 29, செவ்வாய் 38, புதன் 46. ஞாயிறு விடுமுறை.

"அத்தான், வெளியே இருக்கிற கால்மிதியைப் பார்த்தீங்களா? நீர்க்கோழி வேன்ல போனாங்களா, ஸ்கூட்டர்லயா? பழம்பொருள் விக்கிற கடையெல்லாம் ஒரு சுத்து..."

"எங்கேயும் போக வேண்டாம். எல்லாரையும் இங்கேயே கூப்பிடு."

நால்வரும் அவரைச் சூழ்ந்து நின்றபோது மணி இரண்டே கால்.

"பலகையை விக்க நினைக்கறவன் அதை வெளியே கொண்டு போகணும். போனா காயும். காய்ஞ்சா விறகு. அதனால அது தண்ணியிலதான் இருக்கணும்னு எனக்குத் தோணிச்சு. எந்தத் தண்ணி?" கரும்பலகை பக்கம் திரும்பினார் சர்வேயர். "ஒன்றாம் தொட்டியில ரெண்டு வருஷமா ஊறின மரம். விட வேண்டிய உப்பெல்லாம் விட்டாச்சு. சனிக்கிழமை வரைக்கும் அசையாம இருபதுல நின்னது, திங்கள்ல இருந்து ஏன் ஏறுது?"

மச்சான் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சட்டைக் கையை மடித்துத் தொட்டிக்குள் தோள்வரை விட்டான். சட்டங்களுக்கு அடியிலிருந்து ஒரு கை நீளப் பலகையின் விளிம்பு எட்டிப் பார்த்தது. செதுக்கிய எழுத்துகள் தண்ணீரில் நடுங்கின.

"கிடைச்சிருச்சு!"

"தூக்காதே!" என்று பதறினார் தொட்டியம்மா.

"பலகை இங்கே வந்ததுக்கு அந்தப் பதற்றம்தான் காரணம்," என்றார் சர்வேயர். "தினமும் அளக்கறவங்க கண்ணுக்குத்தான் இந்த ஏத்தம் முதல்ல படும். விஷயம் தெரியாதவங்களா இருந்தா அன்னைக்கே சத்தம் போட்டிருப்பாங்க. நீங்க போடல. ஆனா பழைய இருபதையே எழுதியிருந்தா நான் வெறுங்கையோட திரும்பியிருப்பேனே அம்மா?"

"பொய்க் கணக்கு எழுதக் கை வரல சார்." அவர் இயக்குநரைப் பார்த்தார். "இப்ப வெளியே எடுக்காதீங்கன்னு மூணு தடவை சொன்னேன். விளக்குச் சூட்டுல நாலே நாள்ல பிளந்துடும். சனிக்கிழமை பூட்டறப்ப மாத்தி வெச்சேன்."

"அதுக்கு என்னைப் பலி கொடுப்பீங்களாக்கா?" நீர்க்கோழியின் குரல் உடைந்தது.

"உன்மேல விழும்னு நினைக்கல தங்கச்சி. விழுந்த பிறகு, வெள்ளிக்கிழமை தாண்டினதும் சொல்லிடலாம்னு... தப்புதான். பெரிய தப்பு."

 நீர்க்கோழி தொட்டியருகே குனிந்து பார்த்தாள்.

"இதைக் கீழே முதல்ல பார்த்தப்ப நானும் இப்படித்தான் குனிஞ்சேன். வெள்ளிக்கிழமை வர்றவங்களை இங்கேயே கூட்டிட்டு வாங்க சார். அவங்களும் குனிஞ்சு பார்க்கட்டும்."

இயக்குநர் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் தொலைபேசியை எடுத்தார்.

"துறைமுக அலுவலகமா? டைவர் மேல நான் கொடுத்த புகார்... ஆமா, திருட்டே நடக்கல. தப்பு எங்க பக்கம். கடிதமாவும் தர்றேன்." பேசிக்கொண்டே கை நீட்டிக் கண்ணாடிப் பெட்டியின் விளக்கை அணைத்தார்.